லானில் வட்டம், புள்ளி, துரு: மருந்து வாங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், சென்னையில் லான் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிடும். பச்சைக்கு நடுவில் பழுப்பாக ஒரு திட்டு, அதன் கீழே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரு வரி. படத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். பூஞ்சையாக இருக்கலாம், வேரைத் தின்னும் புழுவாக இருக்கலாம், போர் தண்ணீரின் உப்பாக இருக்கலாம், பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம். உரக்கடைக்குப் போனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் கார்பண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி பாக்கெட். அது சில நோய்க்குக் கேட்கும், சிலவற்றை அசைக்கக்கூட அசைக்காது.

ஒன்றை மனதில் வையுங்கள். கொரியன் புல், பெர்முடா, அகல இலை செயின்ட் அகஸ்டின் எல்லாமே நெல்லின் குடும்பம்தான். நெல்லுக்கு வரும் இலையுறை கருகல், குலை நோய், செம்புள்ளி ஆகியவற்றின் நெருங்கிய உறவுகள்தான் லானிலும் வருகின்றன. வயலில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் நோய் கூடும் என்று விவசாயிக்குத் தெரியும், ஆனால் லானில் லேசாக மஞ்சள் தட்டினாலே நாம் யூரியாவை அள்ளி வீசிவிடுகிறோம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர் விடும் நேரம். அபார்ட்மென்ட்களில் வாட்ச்மேனுக்கோ தோட்டக்காரருக்கோ சாயங்காலம்தான் கை ஒழியும், ஆறு மணிக்குக் குழாயைத் திறப்பார், புல் இரவு முழுக்க நனைந்தபடியே கிடக்கும். இலை தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பூஞ்சை உள்ளே நுழைகிறது, மொத்தம் எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பது அதற்கு அடுத்த விஷயம்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

காலை ஏழு மணிக்குள், பனி காய்வதற்கு முன், போய்ப் பாருங்கள். மதியம் பார்த்தால் பாதித் தடயம் காணாமல் போயிருக்கும். திட்டின் நடுவில் பார்க்காதீர்கள், அங்கே இருப்பது செத்த புல், அது எதுவும் சொல்லாது. பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரத்தில் உட்கார்ந்து நான்கைந்து இலைகளைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள்.

இலை மட்டும் சுலபமாகக் கழன்று வந்து, அதன் அடிப்பகுதி பழுப்பாக அழுகியிருந்தால் நோய் இலையுறையில், அதாவது இலை தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் அடிப்பகுதியில், இருக்கிறது. இலை கெட்டியாக இருந்து, மேலே மட்டும் புள்ளி இருந்தால் அது இலைப்புள்ளி வகை. தரையோடு படரும் ஓடுதண்டோடு சேர்ந்து வந்து வேர் கறுத்துக் குட்டையாக இருந்தால் வேரழுகல். பாயைச் சுருட்டுவது போல மொத்தப் புல்லும் எழுந்து வந்து, வேரே இல்லாமல் கடித்துத் துண்டித்தது போல இருந்தால் அது பூஞ்சை இல்லை, கீழே தோண்டுங்கள், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளை வேர்ப்புழு கிடைக்கும்.

பனியில் வெள்ளையாக வலை தெரிந்தால் உடனே பூஞ்சை என்று முடிவு கட்டவும் வேண்டாம். சிலந்தி வலை இலை நுனிகளின் மேல் தட்டையாக விரிந்திருக்கும். பூஞ்சை இழை இலைகளுக்கு நடுவே பஞ்சு போல அடைந்திருக்கும்.

மழைக்காலத்தில் பெரிய வட்டம், ஓரத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் வளையம்

இதுதான் நம் ஊரில் லானை அதிகம் பாழாக்குவது. ஒரு அடி அகலத்தில் ஆரம்பித்து, விட்டால் சில மீட்டர் வரைக்கும் பரவும், பக்கத்து வட்டத்தோடு சேர்ந்து கோணல் மாணலாகிவிடும். இழுத்துப் பார்த்தால் இலை கழன்று வரும், அடி அழுகியிருக்கும். லார்ஜ் பேட்ச் என்பார்கள். காரணம் ரைசோக்டோனியா சொலானி. நெல்லில் இலையுறை கருகலை உண்டாக்கும் அதே இனம், பிரிவு மட்டும் வேறு.

நல்ல வெயில் காலத்தில் இது அடங்கிக் கிடக்கும். மண் குளிர்ந்து, ஈரமும் சேரும்போதுதான் கிளம்பும். சென்னைக்கு அது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, இரவு வெப்பம் 20, 22 டிகிரிக்கு இறங்கும் சமயம். கொரியன் புல்லில் இன்னும் மோசம், ஏனென்றால் அது மேடு மேடாகத் தடித்து வளரும், அடியில் காய்ந்த தண்டும் வேரும் மெத்தையாகச் சேர்ந்துவிடும். அந்த மெத்தை அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சைக்கு அதுவே வீடு. மழை நின்று இரண்டு நாள் ஆகியும் அது காயாது.

சரி, என்ன செய்வது. வடகிழக்குப் பருவமழை வருவதற்கு ஒரு மாதம் முன்பே யூரியாவை நிறுத்திவிடுங்கள். இது மருந்தைவிட முக்கியம். வட்டம் விழுந்த பிறகு "புல் பலவீனமாக இருக்கிறதே" என்று யூரியா போட்டால் அந்த வட்டம் இன்னும் பெரிதாகும். மழை பெய்த வாரத்தில் குழாயைத் தொடவே வேண்டாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால் மணல் தூவி மட்டப்படுத்துங்கள், அல்லது ஓரத்தில் ஒரு வாய்க்கால் கீறி வெளியே விடுங்கள். புல் வெட்டும்போது நோய் இல்லாத பக்கத்தை முதலில் வெட்டி, வட்டத்தைக் கடைசியில் வெட்டுங்கள், வெட்டிய புல்லை அள்ளி வெளியே போட்டுவிட்டு பிளேடைக் கழுவுங்கள். ஈரப் புல்லில் மெஷினை ஓட்டுவது என்பது நோயைத் தட்டில் வைத்துப் பக்கத்து இடத்துக்குப் பரிமாறுவது.

மருந்து என்றால் அசாக்சிஸ்ட்ரோபின் 23 சதவீதம் அல்லது புரோபிகோனசோல் 25 சதவீதம், லிட்டருக்கு ஒரு மில்லி கணக்கில். நெல்லில் இலையுறை கருகலுக்கு அடிக்கும் வாலிடமைசினும் ரைசோக்டோனியாவுக்கானதுதான். ஆனால் இலை நுனியில் பனி போலத் தூவிவிட்டால் பலன் இல்லை, நோய் இருப்பது அடியில். இலைப்புள்ளிக்கு 100 சதுர அடிக்கு ஒரு லிட்டர் கரைசல் போதும் என்றால் இதற்கு இரண்டு மடங்காவது வேண்டும், புல்லின் கழுத்து வரை நனைய வேண்டும். ஒருமுறை வந்த இடத்தில் அடுத்த வருடமும் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் போன வருடத்து வட்டங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் வரும் இடத்துக்கு மட்டும், முதல் குளிர்ந்த இரவுகள் தொடங்கும்போதே ஒரு தரம் அடித்துவிட்டால் முழு லானுக்கும் அடிக்க வேண்டி வராது.

மருந்து அடித்ததும் பச்சையாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓரத்து மஞ்சள் வளையம் மறைந்து வட்டம் பெரிதாகாமல் நின்றால் மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருள். பழுப்பு மூடுவது மாசி, பங்குனி வெயில் வந்து புல் ஓட ஆரம்பித்த பிறகுதான். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து மூன்றாவது, நான்காவது மருந்து வாங்குபவர்கள்தான் அதிகம்.

மார்கழி, தையில் சின்னச் சின்ன வெளிர் புள்ளிகள்

எலுமிச்சம்பழ அகலத்தில், வைக்கோல் நிறத்தில் வட்டங்கள். அருகே போய் ஒரு இலையை எடுத்துப் பாருங்கள், இலையின் குறுக்கே வெளுத்த பட்டை இருக்கும், நடுவில் ஒடுங்கி உடுக்கை வடிவத்தில், இரண்டு ஓரத்திலும் செம்பழுப்புக் கோடு. காலையில் பனியோடு வெள்ளை இழையும் தெரியும். இது டாலர் ஸ்பாட். அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர் அளவில் இருப்பதால் வந்த பெயர். இதன் பூஞ்சைக்கு 2018-இல் கிளாரிரீடியா என்று பெயர் மாற்றினார்கள், பழைய லேபிள்களில் ஸ்கிளிரோடினியா என்றிருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

முந்தைய நோய்க்கு நேர் எதிர் இது. பசித்த புல்லில்தான் வரும். மழையெல்லாம் தழைச்சத்தை அடித்துக்கொண்டு போன பிறகு, பகலில் இதமான வெயிலும் இரவில் கனத்த பனியும் சேரும்போது வரும். 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா போதும், சீராகத் தூவி உடனே தண்ணீர் விட்டு இலையிலிருந்து கழுவிவிடுங்கள். முக்கால்வாசி லானில் இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. ஆனால் போடுவதற்கு முன் அந்த இழுப்புச் சோதனையைச் செய்துவிடுங்கள், பெரிய வட்டத்துக்கு யூரியா போட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

காலையில் பனியைத் தட்டிவிடுவதும் நன்றாகவே வேலை செய்யும். கோல்ஃப் மைதானங்களில் இதைத் தினசரி வேலையாகவே செய்கிறார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஹோஸ் பைப்பையோ கயிற்றையோ புல்லின் மேல் இழுத்துக்கொண்டு போனால் போதும், காசு செலவில்லை.

அதற்கும் அடங்கவில்லை என்றால் கார்பண்டாசிம் 50 சதவீதத் தூள் லிட்டருக்கு ஒரு கிராம், அல்லது புரோபிகோனசோல். அசாக்சிஸ்ட்ரோபின் இதற்குக் கேட்காது. பெரிய வட்டத்துக்கு வாங்கி மிச்சம் வைத்த பாட்டிலை இங்கே வீணாக்காதீர்கள்.

வெள்ளைச் செருப்பில் காவிப் பொடி

லானில் நடந்துவிட்டு வந்தால் செருப்பு, கால்சட்டை ஓரம் எல்லாம் ஆரஞ்சு தூள் ஒட்டுகிறதா? துரு நோய். கொரியன் புல்லில், மர நிழலில், சுவரோரத்தில் அதிகம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் புல்லை அரிதாகத்தான் கொல்லும். நோய்ப்பட்ட இலை வெட்டில் போய்விடும்படி கொஞ்சம் யூரியா கொடுத்துப் புல்லை வளரவிட்டு, வெட்டி அள்ளிக்கொண்டே இருந்தால் சில வெட்டுகளில் போய்விடும். மேலே கவிந்த கிளையைக் கழித்துவிடுங்கள். மருந்து தேவைப்பட்டால் புரோபிகோனசோல். நல்ல வெயில் காலத்தில் அதைத் திரும்பத் திரும்ப அடித்தால் பெர்முடா புல் வளராமல் குன்றிவிடும், அதனால் கை அடக்கம் வேண்டும்.

அகல இலைப் புல்லில் சாம்பல் நிறக் கண்கள்

நிழலுக்கு என்று வைக்கும் செயின்ட் அகஸ்டின் புல்லில், வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த நாட்களில், இலை மேல் நீள்வட்டப் புள்ளிகள் வரும், நடுவில் சாம்பல், சுற்றிக் கரும்பழுப்பு. நெல்லில் குலை நோயைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும், இதற்கும் காரணம் அதே பைரிகுலேரியா வகைப் பூஞ்சைதான். புதிதாகப் பதித்த புல்லில், நர்சரிக்காரர் "தினமும் இரண்டு வேளை தண்ணீர், வாரம் ஒரு உரம்" என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில், கட்டாயம் எட்டிப் பார்க்கும். வேர் பிடித்ததும் சாயங்காலத் தண்ணீரை நிறுத்த வேண்டும். யூரியா கூடவே கூடாது, இந்த நோய்க்கு அது நேரடித் தீனி. இந்தப் புல்லை இரண்டரை அங்குலத்துக்குக் கீழே வெட்டவும் வேண்டாம். பரவினால் அசாக்சிஸ்ட்ரோபின்.

எண்ணெய் தடவியது போலக் கறுத்து வழவழப்பு

காலையில் தொட்டால் பிசுபிசுப்பு, கெட்ட வாடை, பஞ்சு போன்ற வெள்ளை இழை, திட்டு வட்டமாக இல்லாமல் தண்ணீர் ஓடிய வழியே கோடு கோடாக நீண்டிருக்கும். பித்தியம். இரவிலும் வெப்பம் குறையாமல், பல மணி நேரம் ஈரம் நிற்கும்போது வரும், ஒரே இரவில் பெரிய இடத்தைக் காலி செய்யும். கொரியன், பெர்முடாவில் அவ்வளவாக வராது, ஆனால் வடிகால் இல்லாத களிமண்ணில் வந்து பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் கார்பண்டாசிம் ஏமாற்றும். பித்தியம் உண்மையான பூஞ்சையே இல்லை, நீர்ப்பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதற்குக் கார்பண்டாசிம் வெறும் தண்ணீர் மாதிரி. மெட்டாலாக்சில் மாங்கோசெப் கலந்த தூள் வேண்டும். ஆனால் தண்ணீர் வடியாத இடத்தில் எந்த மருந்தும் அடுத்த மழை வரைக்கும்தான்.

வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை, மஞ்சளாகி மெலிந்துகொண்டே போகிறது

உரம் போட்டும் தேறவில்லை, தண்ணீர் விட்டும் மதியம் வாடுகிறது, பிடுங்கினால் ஓடுதண்டு சுலபமாக வருகிறது, வேர் கறுத்திருக்கிறது என்றால் டேக் ஆல் எனப்படும் வேரழுகலைச் சந்தேகப்படலாம். காரத்தன்மை அதிகமுள்ள மண்ணும் போர் தண்ணீரும் இருக்கும் இடத்தில் இதற்குக் கொண்டாட்டம். இலையில் தெரிவதற்கு முன்பே வேர் போயிருக்கும், அதனால் மருந்து பெரும்பாலும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். மண் பரிசோதனை செய்து கார அமில நிலை (pH) பாருங்கள். எட்டைத் தொட்டிருந்தால் யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் போடுங்கள், மண்ணைக் கொஞ்சம் அமிலப் பக்கம் இழுக்கும். சுண்ணாம்பு போடவே கூடாது. கடப்பாரை முனை அல்லது தோட்ட முள்கரண்டியால் ஒரு சாண் இடைவெளியில் குத்தி காற்று போக வழி செய்யுங்கள். வேர் குட்டையாக இருக்கும் வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், ஆனால் காலையில் மட்டும்.

இதே அறிகுறி வெறும் உப்பாலும் வரும். கடற்கரை ஓரப் பகுதிகளில் கோடையில் போர் தண்ணீர் உப்பேறினால் முதலில் இலை நுனி கருகும், மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். அதற்குப் பூஞ்சைக்கொல்லி வாங்கி என்ன பயன்.

காளான் வளையம்

மழைக்குப் பிறகு காளான்கள் வட்டமாக முளைக்கும், அல்லது காளான் இல்லாமல் கரும்பச்சையாக ஒரு வளையம் மட்டும் தெரியும். கீழே மரத்துண்டோ, வெட்டிய மரத்தின் வேரோ, கட்டட வேலையில் புதைத்த பலகையோ மட்கிக்கொண்டிருக்கும். மருந்தைவிட அதைத் தோண்டி எடுப்பதுதான் வழி. வளையத்தில் மண் காய்ந்து தண்ணீரை உறிஞ்ச மறுத்தால் நிறையக் குத்தி, ஊற ஊறத் தண்ணீர் விடுங்கள்.

லானில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைக் காளானைச் சமைத்துவிடாதீர்கள். வெப்பமான ஊர்களின் புல்தரையில் சாதாரணமாக வரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற வகை பார்க்க நல்ல காளான் மாதிரியே இருக்கும், முற்றியதும் குடையின் அடியில் உள்ள மடிப்புகள் பச்சையாகும், சாப்பிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான். சின்னக் குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் காலையிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவது நல்லது.

இலை மேல் சாம்பலோ கறுப்போ பொடி அப்பியது போல

விரலால் தேய்த்தால் போய்விடுகிறது, அடியில் இலை பச்சையாக இருக்கிறதா? சளிப்பூஞ்சை. புல்லைத் தின்னாது, மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான். காய்ந்த நாளில் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள் அல்லது குழாய்த் தண்ணீரை வேகமாக அடியுங்கள்.

பூஞ்சை மாதிரி நடிப்பவை

நடுவில் கருகி சுற்றிலும் செழித்த கரும்பச்சை வளையம் இருந்தால் நாய் சிறுநீர். நேர்கோட்டில், நடைபாதை ஓரமாக மட்டும் காய்ந்தால் சூடு அல்லது தண்ணீர் எட்டாத இடம். உரம் தூவிய மறுநாளே கோடு கோடாகக் கருகினால் அது உரம்தான். வெட்டிய மறுநாள் லான் முழுவதும் வெளுத்துத் தெரிந்து, இலை நுனி நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, சாணை பிடியுங்கள். கிழிந்த நுனி நோய்க்கும் வாசல்.

மருந்து அடிப்பதென்று முடிவு செய்தால்

பாக்கெட்டில் இருக்கும் பயிர்ப் பட்டியலில் புல்தரை பெரும்பாலும் இருக்காது, கடைக்காரர் நெல்லுக்கோ மிளகாய்க்கோ சொல்லும் அளவைச் சொல்வார். லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள், "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் கேட்கும்" என்பது புல்லைக் கருக்கத்தான் உதவும். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நஞ்சின் கடுமை ஏறும். சிவப்பு முக்கோணம் உள்ள எதையும் வீட்டு லானுக்கு வாங்காதீர்கள், பிள்ளைகள் வெறுங்காலில் ஓடும் இடம் அது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. காற்றில்லாத காலையில் அடித்து, நன்றாகக் காயும் வரை யாரையும் உள்ளே விடாதீர்கள், மழை வரும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே மருந்தை வருடம் முழுக்க அடிப்பதும் கூடாது. கார்பண்டாசிம், புரோபிகோனசோல், அசாக்சிஸ்ட்ரோபின் மூன்றும் மூன்று வெவ்வேறு வழியில் வேலை செய்பவை, மாற்றி மாற்றி அடித்தால் பூஞ்சை எதிர்ப்பு பெறுவது தள்ளிப்போகும். கம்பெனி பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே மருந்தாக இருக்கலாம், சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் படியுங்கள்.

இயற்கை வழி வேண்டும் என்பவர்களுக்கு டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் புளோரசன்ஸ் இரண்டும் வேளாண்மைப் பல்கலைக்கழக மையங்களிலும் உரக்கடைகளிலும் கிடைக்கும். வட்டம் விழுந்த பிறகு இவற்றை நம்பி உட்கார்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், மழைக்கு முன்பே மட்கிய தொழுவுரத்தில் கலந்து மெல்லிய போர்வையாகத் தூவுவதற்குத்தான் இவை சரி. டிரைக்கோடெர்மா தானே ஒரு பூஞ்சை, அதைப் போட்ட கையோடு கார்பண்டாசிம் அடித்தால் அதுவும் செத்துவிடும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில், காலை நாலிலிருந்து ஏழுக்குள் விட்டால் இலை ஏற்கனவே பனியில் நனைந்திருக்கும் நேரத்திலேயே வேலை முடிந்துவிடும், வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். அந்த நேரத்துக்கு ஆள் கிடைக்காது என்றால் பிற்பகல் மூன்று மணிக்கு விடச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் பரவாயில்லை, இருட்டுவதற்குள் இலை காய வேண்டும். தினமும் தெளிப்பதைவிட, கோடையில் வாரத்துக்கு மொத்தம் ஒரு அங்குலம் வரும்படி இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து ஆழமாக விடுவது மேல். ஸ்பிரிங்க்ளர் இருந்தால் தட்டையான டப்பாவை நடுவில் வைத்து, ஒரு அங்குலம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்தால் போதும்.

செத்த இடத்தில் புதுப் புல் பதிக்க அவசரப்படாதீர்கள். மண்ணில் பூஞ்சை அப்படியே இருக்கும்போது டிசம்பரில் பதித்த புல் ஜனவரியில் அதே வட்டத்தில் போய்விடும். பழைய மெத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேல் மண்ணை வெயிலில் காயவிட்டு, பங்குனியில் பதியுங்கள். வாங்கும்போது சுருட்டி வரும் புல் கார்ப்பெட்டைத் திருப்பி வேரையும் மண்ணையும் பாருங்கள், வேர் வெள்ளையாக இல்லை என்றால் அந்த ரோலை வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.